வாசிக்கத் திணறும் பிள்ளையும் தமிழ்ப் புத்தகமும்: மொரீஷியஸ் வீடுகளுக்கும் சனிக்கிழமை வகுப்புகளுக்கும் ஒரு முழு வழிகாட்டி

நான்காம் வகுப்புப் பையன். எழுத்துக் கூட்டி, வியர்த்து, ஒரு பக்கத்தை எப்படியோ முடிக்கிறான். "கதையில் என்னப்பா நடந்தது?" என்று கேட்டால், "மோ பா கொனே, மிஸ்" என்கிறான். தெரியாதாம். பொய் சொல்லவில்லை. அவன் இவ்வளவு நேரம் வாசித்தது ஒலிகளை. கதை உள்ளே போகவே இல்லை.

ரோஸ் ஹில்லில் கோவில் மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை காலை வகுப்பு எடுக்கிறேன். உதவிக்கு வரும் புதியவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வந்த முதல் நாளே பிள்ளையின் கண்ணுக்கு வேலை கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் பிரெஞ்சு வேரிலிருந்து வந்த கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைக்குத் தமிழ் இன்னும் காதிலேயே ஏறவில்லை. கேட்டிராத சொல்லை எவ்வளவு சரியாகக் கூட்டி வாசித்தாலும் அது வெறும் சத்தம்தான். அதனால் கீழே உள்ள வரிசையில் காது முதலில் வருகிறது, எழுத்து ஐந்தாவதாக வருகிறது. அவசரத்தில் அதை முன்னால் இழுக்காதீர்கள்.

1. தடை எங்கே என்று முதல் நாளே பாருங்கள்

ஒல்லியான கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே மாதிரி இன்னொரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கிரியோலில் கேளுங்கள். பதிலையும் கிரியோலிலேயே சொல்லட்டும். தமிழில் பதில் கேட்டால் புரிதலுக்குப் பதில் பேச்சைச் சோதித்துவிடுவீர்கள்.

நீங்கள் வாசித்தும் புரியவில்லை என்றால் தடை மொழியில் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வகை. நீங்கள் வாசித்தால் புரிகிறது, தானாக வாசித்தால் புரியவில்லை என்றால் தடை எழுத்தில் இருக்கிறது. இரண்டாம் வகைப் பிள்ளை மூன்றாம் படியைச் சீக்கிரம் தாண்டிவிடும். அதற்காக அந்தப் படியை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக, பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். அதிலும் இதே திணறல் என்றால் விஷயம் தமிழோடு நிற்கவில்லை. கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள், பள்ளி ஆசிரியரிடம் பேசச் சொல்லுங்கள். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாகவும் இருக்கலாம். தமிழில் எழுத்தும் ஒலியும் பெரிதும் ஒத்துப்போவதால் அந்தப் பிள்ளை அதிகம் தப்பு விடாமல், மிக மிக மெதுவாக மட்டும் வாசிக்கும். பெரியவர்கள் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் கண்ணில் படும் குறை தமிழில் மறைந்து நிற்பது இதனால்தான். அந்தப் பிள்ளைக்கும் இந்த வரிசையே உதவும், நாள் மட்டும் கூட எடுக்கும். நிபுணரின் உதவிக்கு இது மாற்று இல்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்துப் பன்னிரண்டு ஒல்லிப் புத்தகங்கள் போதும். பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, படம் பெரிதாக இருக்க வேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிடும் இருமொழிப் படப் புத்தகங்கள் நல்லவை. காசில்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. கதைகளை நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பதிவிறக்கலாம், அச்சிடலாம், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு மொழிபெயர்க்கவும் செய்யலாம். முதல் நிலை என்று போட்டிருந்தாலும் நீங்களே ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மொழிபெயர்ப்பில் சில வாக்கியங்கள் நொண்டும்.

கோவில் அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் அச்சானவற்றில் லை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய கொம்போடு இருக்கும். றா, னா, ணா ஆகியவற்றுக்குக் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழித்திருக்கும். பிள்ளை அங்கே நின்றுபோகும், நீங்கள் காரணம் தெரியாமல் விழிப்பீர்கள். ஒரு பெட்டி நிறைய அன்பளிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் அப்படி விழித்தேன். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பாடநூல் இந்த வேலைக்கு வேண்டாம். அதில் பயிற்சியும் மதிப்பெண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிவப்புப் பேனாவும் வேண்டாம். உட்காருவது பாயில், பிள்ளைக்குப் பக்கத்தில். எதிரே உட்கார்ந்தால் உங்களுக்குப் புத்தகம் தலைகீழ், பிள்ளைக்கு நீங்கள் பரீட்சை அதிகாரி.

3. இரண்டு வாரம் பிள்ளை வாசிக்க வேண்டாம், கேட்கட்டும்

தினமும் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஒரு முறைதான் சந்திப்பு என்றால், நீங்கள் வாசித்ததை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வீட்டுக்கு அனுப்புங்கள்.

முதல் நாள், படங்களைக் காட்டிக் கதை முழுவதையும் கிரியோலில் சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள், அதே படங்களைத் தொட்டுக் காட்டித் தமிழில் வாசியுங்கள். மூன்றாம் நாள் தமிழ் மட்டும். நான்காம் நாள் நன்றாகப் பழகிய வரி வரும்போது கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள், பிள்ளை அதை முடிக்கும். "பூனை மரத்தில்…" என்றதும் "ஏறியது!" என்று குதித்தால் காது திறந்துவிட்டது என்று அர்த்தம்.

கதையை முதலிலேயே சொன்னால் சுவாரசியம் போய்விடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகாது. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்திருந்தால்தான் தெரியாத சொல்லுக்குப் பொருளை ஊகிக்க முடியும். சின்னப் பிள்ளைகள் ஒரே கதையை நூறு தடவை கேட்பது சலிப்பில்லாமல்தானே.

அடிக்கடி நடக்கும் தவறு, தமிழில் ஒரு வரி, உடனே கிரியோலில் ஒரு வரி என்று மாற்றி மாற்றி வாசிப்பது. இரண்டே நாளில் பிள்ளை புத்திசாலித்தனமாகத் தமிழ் வரிக்குக் காதை மூடிக்கொண்டு கிரியோல் வரிக்குக் காத்திருக்கும். எந்த மொழியானாலும் கதையை முழுதாகச் சொல்லுங்கள், வரிக்கு வரி கலக்காதீர்கள்.

4. வாயில் ஏற்கெனவே இருக்கும் தமிழைச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நம் பிள்ளைகளுக்குத் தமிழே தெரியாது என்பது அரை உண்மை. கிரியோலுக்குள் தமிழ் ஒளிந்திருக்கிறது. சந்தையில் "கொத்தோமிலி" வாங்குகிறார்கள், "பிபேன்காய்" வாங்குகிறார்கள். கீரைக்காரியிடம் "முரூம்" கேட்கிறார்கள். சளி பிடித்தால் "ரசோன்" குடிக்கிறார்கள். தெருவில் "புத்து" சாப்பிடுகிறார்கள், பண்டிகைக்கு "மூல்கு" பொரிக்கிறார்கள். கொத்தமல்லி, பீர்க்கங்காய், முருங்கை, ரசம், புட்டு, முறுக்கு.

ஒவ்வொன்றையும் தனிச் சீட்டில் பெரிதாக எழுதுங்கள். படம் வேண்டாம். பிள்ளை மெல்லக் கூட்டும்: ர… ச… ம். ரசம். ஒரு நொடி அமைதி. அப்புறம், "ரசோன்! மிஸ், ரசோன்!" வாசித்த முடிவில் தெரிந்த பொருள் ஒன்று கையில் கிடைக்கிறது. இத்தனை நாள் கூட்டிக் கூட்டி வாசித்தும் அந்தப் பரிசு கிடைக்காததால்தான் பிள்ளைக்கு வாசிப்பே கசந்தது.

வரிசை முக்கியம். ரசம் முதலில், அதில் ஒரு குறியும் இல்லை, புள்ளி மட்டும் உண்டு. பிறகு புட்டு, முறுக்கு. பீர்க்கங்காயும் முருங்கையும் அடுத்து. கொத்தமல்லிக்குக் கொம்பும் காலும் இருப்பதால் கடைசியில்.

அடுத்தது குடும்பப் பெயர். பள்ளிப் பதிவில் பிரெஞ்சு எழுத்துக் கோவையில் 'மூத்தூ' என்று இருப்பதைத் தமிழில் 'முத்து' என்று எழுதி, முத்து என்றால் என்ன என்று சொல்லுங்கள். வீராசாமி, பிள்ளை, சுப்பிரமணியன் எல்லாமே இப்படித்தான். தன் பெயருக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று கேட்டதும் பிள்ளை அந்தச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்கும். கொடுத்துவிடுங்கள், இன்னொன்று எழுதிக்கொள்ளலாம்.

பிறகு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்த் தாளை எடுங்கள். நம் நாட்டு ரூபாய்த் தாளில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கிறது, தமிழ் எண்ணும் உண்டு. பிள்ளையோடு வந்த அப்பாவே அன்றுதான் அதைக் கவனிப்பார். தாள் மறக்காமல் உங்கள் பைக்குத் திரும்ப வேண்டும், அனுபவத்தில் சொல்கிறேன்.

5. எழுத்துகளுக்கு இப்போது வாருங்கள், 247 வேண்டாம்

சுவரில் தொங்கும் 247 எழுத்து அட்டவணையைத் திருப்பி வையுங்கள். வரிசையாக ஒப்பித்துவிட்டு நடுவில் ஓர் எழுத்தைக் காட்டினால் முழிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கு என்ன என்று கேட்டால் க-விலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருவார்கள்.

நான் கற்றுக்கொடுக்கும் வரிசை இது.

முதலில் குறியில்லாத எழுத்தும் புள்ளி எழுத்தும். மரம், படம், கடல், பழம், கல். இந்தக் கட்டத்தில் பிள்ளைக்குக் கண்ணில் படாதது புள்ளி. 'பல்', 'பல' என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒன்றுக்கு உங்கள் பல்லைக் காட்டுங்கள், மற்றதுக்குக் கை நிறைய கூழாங்கல்லைக் காட்டுங்கள். ஒரு புள்ளி எவ்வளவு மாற்றுகிறது என்று அதன் பிறகு மறக்காது.

அடுத்து வலப்பக்கம் வரும் கால், மேலே வளையும் இ, ஈ. பால், காடு, மீன், கிளி மாதிரிச் சொற்கள். காடு என்பதில் டு முன்கூட்டி வந்துவிடும். பரவாயில்லை, சொல்லோடு சேர்த்துப் படம் போலப் பழகட்டும்.

மூன்றாவது உ, ஊ வரிசை. இதற்கு ஒழுங்கான விதி கிடையாது. கு, சு, து, மு, நு என்று ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வளைகிறது. விதி சொல்ல முயலாதீர்கள், உருவமாகவே காட்டுங்கள்.

கடைசியில்தான் இடப்பக்கக் கொம்புகள்: கெ, கே, கை, கொ, கோ, கௌ. பிரெஞ்சில் பழகிய கண்ணுக்கு எது முதலில் நிற்கிறதோ அது முதலில் ஒலிக்க வேண்டும். தமிழில் கொம்பு முன்னால் நின்றுகொண்டு பின்னால் ஒலிக்கிறது. 'கேள்' என்பதை 'ஏக்ள்' என்று வாசிக்கும் பிள்ளை தப்புச் செய்யவில்லை, பிரெஞ்சு விதியைச் சரியாகப் பின்பற்றுகிறது. எழுத்தை விரலால் வட்டமிட்டு, "கொம்பும் எழுத்தும் ஒரே வீட்டுக்காரர்கள், சேர்ந்துதான் பேசுவார்கள்" என்று சொல்வேன். கொ, கோ இரண்டிலும் இரு பக்கமும் ஆள் நிற்பதால் வட்டம் பெரிதாகும், அவ்வளவுதான்.

க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்துக்கேற்ப ஒலி மாறும் என்பதை விளக்கவே வேண்டாம். கப்பல், தங்கம், பகல் மூன்றையும் வாயால் பழக்கினால் போதும், கேட்டுக் கேட்டு நாக்கே கண்டுபிடித்துவிடும். ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் இப்போதைக்கு அப்படியே விடுங்கள். அவை எழுதும்போது பார்க்க வேண்டியவை. 'பழம்' என்பதைப் 'பலம்' என்று வாசித்துவிட்டு வாழைப்பழப் படத்தைக் காட்டும் பிள்ளைக்குக் கதை புரிந்துவிட்டது.

6. சேர்ந்து வாசியுங்கள்

இப்போதுதான் புத்தகம் பிள்ளையின் மடிக்கு வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் குரல் பிள்ளைக்குப் பிடிமானம். தனியாகப் போக முடியும் என்று தோன்றும்போது பிள்ளை மடியில் ஒரு தட்டுத் தட்டும், நீங்கள் உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும். முன்பே பேசிவைத்த ஏற்பாடாக இருக்கட்டும்.

தனியாக வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வரவில்லையா, சொல்லை நீங்களே சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்லட்டும், மறுபடி சேர்ந்து தொடருங்கள். "எழுத்துக் கூட்டு", "யோசி", "நேற்று வாசித்தாயே" எதுவும் வேண்டாம். ஐந்துக்கு மேல் காத்திருந்தால் வாக்கியத்தின் முன்பாதி மறந்துபோகும், பொருளும் அதோடு போகும்.

புதியவர்களுக்கு மிகக் கடினமான படி இதுதான். நன்றாகத் தமிழ் தெரிந்த ஓர் அத்தை வந்தார். ஒரே பக்கத்தில் ழகரத்தை ஒன்பது முறை திருத்தினார். பிள்ளை கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டது. அடுத்த வாரமும் அதே பக்கத்தில் கேட்டது. அத்தைக்கு நான் கொடுத்த ஒரே யோசனை, கையில் ஒரு புளிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டும்போல் இருந்தால் வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்பது. சிரித்துக்கொண்டே செய்தார். இப்போது எங்கள் வகுப்பில் பிள்ளைகள் முதலில் போய் உட்காருவது அவருடைய பாயில்.

பொருளே மாறும் அளவுக்குத் தப்பு என்றால் மட்டும், வாக்கியம் முடிந்த பிறகு படத்தைக் காட்டி, "இங்கே அப்படியா இருக்கிறது?" என்று கேளுங்கள். தானே போய்த் திருத்திக்கொள்ளும்.

7. ஒரே புத்தகம், ஐந்து முறை, ஐந்து ஆட்கள்

முதல் முறை சொற்களோடு சண்டை, மூன்றாம் முறை வாக்கியம், ஐந்தாம் முறைதான் கதை. வேகம் வந்தால்தான் மனம் பொருளுக்குத் திரும்பும். ஆனால் "திரும்ப வாசி" என்றால் எந்தப் பிள்ளைக்கும் தண்டனை போலத்தான் இருக்கும். எனவே கேட்கும் ஆளை மாற்றுங்கள். பாட்டிக்கு ஒரு முறை, தம்பிக்கு ஒரு முறை, கைப்பேசியில் பதிவு செய்து பக்கத்துத் தீவான ரியூனியனில் இருக்கும் சித்திக்கு ஒரு முறை.

8. விடுகதைச் சீட்டு

நம் தீவில் விடுகதை போடுகிறவர் "சிரான்தான்!" என்பார், சுற்றி இருப்பவர்கள் "சாம்பேக்!" என்பார்கள். அதே கூச்சலோடு தமிழ் விடுகதைச் சீட்டுகளைக் கொடுங்கள். இங்குள்ளவற்றையே தமிழாக்கலாம். "நிற்கும் தண்ணீர் எது?" கரும்பு. "தொங்கும் தண்ணீர் எது?" தேங்காய். மூன்றே சொல், வாசித்தால்தான் விளையாட்டு நகரும். யாருடைய முறையோ அவர்தான் சீட்டை வாசிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கக் கூடாது. விடையைக் கிரியோலில் சொன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

9. பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்

எந்தப் புத்தகமும் பிடிக்கவில்லை என்கிற பிள்ளைக்கு இதுவரை எனக்குப் பலித்த வழி இதுதான். லிவர்பூல் ஆட்டமோ, காவடி நாளில் தொலைந்த செருப்போ, வீட்டு நாயோ, எதையாவது கிரியோலில் சொல்லச் சொல்லுங்கள். அதை ஐந்து வரி எளிய தமிழில் எழுதுங்கள். ஏ4 தாளை இரண்டாக மடித்து நடுவில் தைத்தால் புத்தகம். படம் பிள்ளை வரையட்டும். அட்டையில் பிள்ளையின் பெயரைத் தமிழில் போடுங்கள்.

கதை தெரியும், வரிக்குச் சொற்கள் நான்கைந்துதான், கதையைச் சொன்னதும் பிள்ளையேதான். கைவிட ஒரு காரணமும் இல்லை. இங்கே நடக்கும் பிழை, பெரியவர்கள் கதையை அழகுபடுத்திவிடுவது. "நாய் செருப்பைத் தின்றது" என்று பிள்ளை சொன்னதை "எங்கள் செல்ல நாய் காலணியைக் கடித்துக் குதறியது" என்று எழுதினால் அது உங்கள் புத்தகம் ஆகிவிடும்.

கடைப் புத்தகங்களையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பக்கத்தில் மூன்று சொல்லுக்கு மேல் தெரியவில்லை என்றால் அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். பாதியில் மூடிவைக்கவும் உரிமை உண்டு, ஏன் என்று விசாரிக்காதீர்கள். நீங்கள் எத்தனை புத்தகத்தைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள்?

10. தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர்

"எனக்கே தெரியாது, நான் எப்படி உதவுவது?" என்று வெட்கத்தோடு கேட்பவர்கள் பலர். தெரியாததே நல்லது. பிள்ளை ஆசிரியராகட்டும். நான்காம் படியின் சீட்டுகளை அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள், அம்மா வேண்டுமென்றே ஒன்றிரண்டு தப்பு விடட்டும். வீட்டில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: மற்றப் பிள்ளையோடு ஒப்பிடுவது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் நெருக்கடி இருக்கும். அந்த வருடம் பதினைந்து நிமிடத்தை ஐந்தாக்குங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்.

11. வருடக் கடைசி விடுமுறை

வருடக் கடைசியில் பள்ளி மூடியதும் வகுப்பும் ஓய்ந்துவிடும், ஜனவரிக்குள் பாதி கரைந்துபோகும். கடைசி வகுப்பில் ஐந்து புத்தகங்களைப் பையில் போட்டு அனுப்புங்கள். நான்கு ஏற்கெனவே வாசித்தவை, ஒன்று மட்டும் புதியது. ஐந்துக்கும் உங்கள் குரல் பதிவு கைப்பேசியில் இருக்கட்டும். புத்தகம் கிழிந்து திரும்பினால் கோபப்பட வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம். ஜனவரியில் வந்த முதல் நாள் புதிதாக எதையும் நீட்டாதீர்கள். அந்த நான்கில் எது வேண்டும் என்று கேட்டு, அதையே எடுத்து, முதல் பக்கத்தை நீங்கள் வாசித்துத் தொடங்குங்கள்.